கொடிமலையை ஹெட்செட்டுக்குள் கொண்டுபோக உயரத்தை எத்தனை மடங்கு பெருக்குவது?

பட்டர்வொர்த் வாசகர் | 3 ஜூன், இரவு 10.12

பினாங்குத் தீவின் உயரத் தரவை இறக்கி, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மெஷ்ஷாக்கி (முக்கோணங்களால் ஆன வலை), ஜிஎல்பி என்ற முப்பரிமாணக் கோப்பாக எடுத்து குவெஸ்ட் 2 மெய்நிகர் ஹெட்செட்டில் திறந்தேன். கொடிமலை (பினாங்கு ஹில்) தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. 3 மடங்கு பெருக்கிய பிறகுதான் மலை மாதிரி தெரிகிறது. அதனால் மெய்நிகருக்கு 3 மடங்குதான் சரியான அளவு என்கிறேன். மறுப்பு இருந்தால் கணக்கோடு சொல்லுங்கள். கூடவே இரண்டு தொல்லை: சரிவெல்லாம் வயல் வரப்பு போட்டது போலப் படிப்படியாக வெட்டுப்பட்டிருக்கிறது. தலையைத் திருப்பினால் தரை நடுங்குகிறது.

ஆயர் ஈத்தாம் | 3 ஜூன், இரவு 11.05

மறுக்கிறேன். 30 டிகிரிச் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தை 2 மடங்காக்கினால் அது 49 டிகிரி. 3 மடங்காக்கினால் 60 டிகிரி. காடு போர்த்திய, மெதுவாக ஏறுகிற மலை செங்குத்துப் பாறையாகிவிடும். இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவர் அதைப் பார்த்தால் கொடிமலை என்று சொல்ல மாட்டார்.

தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் கண். நம் இரு கண்களுக்கும் இடைவெளி சுமார் 63 மி.மீ. நிஜ அளவில், 3 கி.மீ. தொலைவிலிருக்கும் மலையை இடக்கண் பார்ப்பதற்கும் வலக்கண் பார்ப்பதற்கும் உள்ள கோண வித்தியாசம் 0.0012 டிகிரி. குவெஸ்ட் 2 ஒரு டிகிரிக்குச் சுமார் 20 பிக்ஸல் காட்டும். அப்படியானால் வித்தியாசம் ஒரு பிக்ஸலில் நாற்பதில் ஒரு பங்குதான். கணக்குப் போட்டால் சுமார் 70 மீட்டருக்கு அப்பால் இரு கண்ணும் ஒரே படத்தைத்தான் பார்க்கின்றன. அங்கே உயரத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் ஆழம் கூடாது. சுவரில் ஒட்டிய ஓவியம் உயரமாகிறது, அவ்வளவுதான்.

பெருக்குவதை விட்டு உலகத்தையே சுருக்குங்கள். 1:20,000-இல் வைத்தால் வடக்கு தெற்காக 24 கி.மீ. உள்ள தீவு 1.2 மீட்டர் ஆகும். 833 மீட்டர் உச்சி 4.2 செ.மீ. ஆகும். முழுத் தீவும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும், இரு கண்ணுக்கும் வேலை கிடைக்கும். ஜிஎல்பியில் மூல முனையின் (எல்லாப் பொருளையும் தாங்கும் தலைமை முனை) அளவை 0.00005 என்று வைத்தால் போதும், மெஷ்ஷைத் தொட வேண்டாம்.

வரப்பு, நடுக்கம் இரண்டையும் நாளை எழுதுகிறேன். அதற்குள் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் உயரப் படம் (உயரத்தைச் சாம்பல் நிற அளவாகச் சொல்லும் படம்) 8 பிட்டா, 16 பிட்டா?

பட்டர்வொர்த் வாசகர் | 4 ஜூன், காலை 7.30

8 பிட் பிஎன்ஜி.

ஆயர் ஈத்தாம் | 4 ஜூன், இரவு 9.20

வரப்புக்குக் காரணம் அதுதான். 8 பிட்டில் 256 படிதான் உண்டு. 833 மீட்டரை அதில் அடைத்தால் ஒரு படி 3.3 மீட்டர். நீங்கள் 3 மடங்கு பெருக்கியதும் அதுவே 10 மீட்டர் வரப்பாகிவிட்டது. 16 பிட்டில் ஒரு படி 1.3 செ.மீ., கண்ணுக்குத் தெரியாது.

மூலத்தையும் பாருங்கள். எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரால் எடுத்தது. அதில் உயரம் முழு மீட்டரில்தான் இருக்கும், பின்னம் கிடையாது. மலைக்கு அது பரவாயில்லை. பாயான் லெப்பாஸ் போன்ற சமதளத்தில் 1 மீட்டர் படி நன்றாகவே தெரியும். கோப்பர்னிக்கஸ் ஜிஎல்ஓ-30 என்ற ஐரோப்பிய உயரத் தரவு தசமத்தோடு வருகிறது, 2011 முதல் 2015 வரை எடுத்த ரேடார் தரவு. புதிதாகத் தொடங்குபவர் அதையே எடுங்கள். இரண்டுமே 1 கோண விநாடி இடைவெளி, நம் அட்சரேகையில் 30.7 மீட்டர். எஸ்ஆர்டிஎம் கோப்பின் பெயர் தென்மேற்கு மூலையைச் சொல்லும்: பினாங்குக்கு வடக்கு 05 கிழக்கு 100, கோலாலம்பூருக்கு வடக்கு 03 கிழக்கு 101.

பிளெண்டரில் மூன்று இடம் கவனிக்கவும். படத்தின் வண்ண வெளியை 'நான்-கலர்' ஆக்குங்கள். சாதாரண நிறப்படம் போல எஸ்ஆர்ஜிபியாக விட்டால் உயரம் நேர்கோட்டில் ஏறாது, அடிவாரம் அமுங்கி உச்சி மட்டும் கூர்மையாகும். உயரப் படத்தால் மெஷ்ஷைத் தூக்கும் 'டிஸ்பிளேஸ்' கருவியில் 'மிட்லெவல்' இயல்பாக 0.5 இருக்கும், 0 ஆக்குங்கள். இல்லையென்றால் பாதித் தீவு கடலுக்கடியில். 'ஸ்ட்ரெங்த்' என்பது உயர வீச்சு. அதற்கு 833 என்று போடாதீர்கள். 16 பிட்டுக்கு மாற்றும்போது உங்கள் சட்டகத்தின் (வெட்டியெடுத்த செவ்வகப் பகுதி) உச்ச மதிப்பாக எதைக் கொடுத்தீர்களோ அதே எண்ணைப் போடுங்கள்.

மெஷ் பாதியில் காணாமல் போனால் பதற வேண்டாம். பிளெண்டர் வியூபோர்ட்டின் தூர வரம்பு இயல்பாக 1,000 மீட்டர்தான், அதை 1,00,000 ஆக்குங்கள்.

ஆயர் ஈத்தாம் | 4 ஜூன், இரவு 10.02

நடுக்கம். தீவை யுடிஎம் 47 வடக்கு என்ற, மீட்டரில் அளக்கும் ஆயத் தளத்தில் வைத்திருப்பீர்கள். கொடிமலைப் பக்கம் கிழக்கு ஆயம் ஏறத்தாழ 6,40,000, வடக்கு ஆயம் ஏறத்தாழ 5,99,000. ஜிஎல்டிஎஃப் (ஜிஎல்பி இதன் ஒற்றைக் கோப்பு வடிவம்) புள்ளிகளை 32 பிட் மிதவை எண்ணாகத்தான் எழுதும். அந்த எண் பருமனில் அடுத்தடுத்த இரு மதிப்புக்கு நடுவே 6.25 செ.மீ. இடைவெளி. தலை அசைய அசைய ஒவ்வொரு புள்ளியும் அந்த இடைவெளியில் தாவுகிறது, அதுதான் நடுக்கம். எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே சட்டகத்தின் நடுப்புள்ளியை எல்லா ஆயத்திலிருந்தும் கழித்துவிடுங்கள். கழித்த எண்ணைத் தனிக் கோப்பில் எழுதி வையுங்கள், பிறகு சாலையோ கட்டடமோ சேர்க்கும்போது தேவைப்படும். பிளெண்டரில் பொருளை நகர்த்தினால் மட்டும் போதாது, புள்ளிகளே பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

பட்டர்வொர்த் வாசகர் | 5 ஜூன், இரவு 8.45

அண்ணே, கோப்பர்னிக்கஸ் இறக்கி, பெருக்கத்தை 1 ஆக்கி மறுபடி எடுத்தேன். இப்போது தீவு ஊசி மாதிரி வானத்துக்குப் போகிறது!

ஆயர் ஈத்தாம் | 5 ஜூன், இரவு 9.10

இந்தத் தடவை ஆயத் தளத்தை யுடிஎம்முக்கு மாற்ற விட்டுவிட்டீர்கள். கிடை அளவு டிகிரியில், உயரம் மீட்டரில். 0.2 அகலத்துக்கு 833 உயரம் என்றால் ஊசிதான் வரும். தளம் மாற்றும் ஜிடால்வார்ப் கருவியில் இலக்குத் தளம் ஈபிஎஸ்ஜி 32647 (யுடிஎம் 47 வடக்கின் குறி எண்), புள்ளி இடைவெளி 30, இடைக்கணிப்பு க்யூபிக். 'நியரஸ்ட்' வேண்டாம், சரிவில் கோடு கோடாக வெட்டு விழும். பினாங்கும் கோலாலம்பூரும் ஒரே 47-ஆம் மண்டலம்தான்.

இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டர் தளத்தில் எடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நம் அட்சரேகையில் அது 0.45 சதவீதம்தான் நீட்டும், 20 கி.மீ.க்கு 90 மீட்டர். பார்வைக்குத் தெரியாது, ஆனால் அளந்து ஒட்டும் வேலைக்கு ஆகாது. நில அளவையாளர் கொடுக்கும் கோப்பு பெரும்பாலும் ஆர்எஸ்ஓ என்ற மலேசியத் தளத்தில் வரும், ஈபிஎஸ்ஜி 3375. அதையும் 32647-க்கு மாற்றிய பிறகே சேருங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர் | 6 ஜூன், பகல் 1.15

யூனிட்டி விளையாட்டு இயந்திரத்தில் செய்கிறவர்களுக்கு. அதன் டெரெய்ன் (தரை) பொருளின் உயரப் படம் இரண்டின் அடுக்கோடு 1 சேர்ந்த அளவில் இருக்க வேண்டும்: 513, 1025, 2049, 4097. வேறு அளவு கொடுத்தால் வரி சரிந்து முழுப் படமும் சாய்கோடாகிவிடும். வெறும் எண்கள் மட்டும் உள்ள ரா கோப்பில் பைட் வரிசையும் முக்கியம். எஸ்ஆர்டிஎம் மூலக் கோப்பு பெரிய பைட் முதலில் வரும் முறை, யூனிட்டியில் 'விண்டோஸ்' என்று தேர்ந்தால் சிறியது முதலில். தவறினால் தரை முழுக்க முள்ளாக நிற்கும். அதைக் கண்டதும் தரவு கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடாதீர்கள்.

அன்ரியல் என்ற இன்னோர் இயந்திரத்தில் பரிந்துரைக்கும் அளவு வேறு: 505, 1009, 2017, 4033. அங்கே உயர அளவு 100 என்றால் மொத்த வீச்சு 512 மீட்டர். 833 மீட்டருக்கு 83,300 செ.மீ. வகுத்தல் 512, அதாவது 162.7.

இன்னொன்று: படத்தில் முதல் வரி வடக்கு, யூனிட்டி ராவில் முதல் வரி தெற்காகப் படிக்கப்படும். நம் ஊர்க்காரருக்குச் சோதனை சுலபம். ஜார்ஜ்டவுன் முனை வடகிழக்கில் நீட்ட வேண்டும், பாலிக் புலாவ் சமவெளி மேற்கே இருக்க வேண்டும், விமான நிலையச் சமதளம் தென்கிழக்கில். ஒன்று மாறியிருந்தாலும் படம் கவிழ்ந்திருக்கிறது.

செந்தூல் வாசகி | 7 ஜூன், இரவு 8.30

பத்துமலைக்கு இதே முறையைச் செய்து பார்த்தேன். குகை இல்லை, செங்குத்துப் பாறையும் இல்லை, சரிந்த மண்மேடு மாதிரி ஒன்று வருகிறது. முருகன் சிலையும் இல்லை. தெளிவு கூடிய தரவு வாங்கினால் குகை வந்துவிடுமா?

ஆயர் ஈத்தாம் | 7 ஜூன், இரவு 9.50

வராது சகோதரி. 1 மீட்டர் தரவு வாங்கினாலும் குகை வராது. உயரப் படம் ஒரு இடத்துக்கு ஒரே ஒரு உயரம்தான் சொல்லும். குகைக்குத் தரையும் வேண்டும், கூரையும் வேண்டும், அதற்கு மேல் மலையும் வேண்டும், ஒரே இடத்தில் மூன்று உயரம். பாறை முகம் சரிவாவதற்கும் இதே காரணம்: அடியில் ஒரு புள்ளி, 30 மீட்டர் தள்ளி மேலே ஒரு புள்ளி, நடுவே நேர்கோடு. 42.7 மீட்டர் உயரமுள்ள சிலையின் அகலம் ஒரு புள்ளிக்குள் கரைந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது: சுற்றுப்புறத்துக்கு 30 மீட்டர் மெஷ். பாறை முகம், 272 படி, குகை வாய் ஆகியவற்றுக்கு நிழற்பட அளவை மெஷ் (பல கோணப் படங்களிலிருந்து செய்வது) தனியாக. மலை மெஷ்ஷில் அந்தப் பகுதியைத் துளையாக வெட்டி, நிழற்பட மெஷ்ஷின் ஓரத்தை 5 முதல் 10 மீட்டர் வரை பழைய தரைக்குள் புதையும்படி நீட்டுங்கள். இரண்டு ஓரத்தையும் புள்ளிக்குப் புள்ளி தைக்க முயலாதீர்கள், பயன் இல்லாத உழைப்பு.

அந்தப் படங்களை ட்ரோனால் எடுத்தால் உயரத்தில் ஒரு கண்ணி உண்டு. கோப்பர்னிக்கஸ் உயரம் ஜியாய்டிலிருந்து, அதாவது கடல் மட்டக் கணக்கில். ட்ரோன் ஜிபிஎஸ் பல நேரம் நீள்வட்டக் கோளத்திலிருந்து சொல்லும். இவ்விரண்டுக்கும் நம் மேற்குக் கரையில் பல மீட்டர் வித்தியாசம், ஜியாய்டு கோளத்துக்குக் கீழே இருக்கிறது. மாற்றாமல் சேர்த்தால் கோயில் மண்ணுக்குள் இறங்கிவிடும். கையால் தூக்கிச் சரிசெய்யாமல், எந்தக் கணக்கில் உயரம் வந்தது என்று கேட்டு மாற்றுங்கள்.

பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிக்கும் இதே பதில்தான்.

செந்தூல் வாசகி | 7 ஜூன், இரவு 10.25

நன்றி அண்ணே. கோலாலம்பூர் நடுப்பகுதியில் இரட்டைக் கோபுரம் இருக்குமிடம் கொப்புளம் மாதிரி வீங்கியிருக்கிறதே?

ஆயர் ஈத்தாம் | 7 ஜூன், இரவு 10.40

கோப்பர்னிக்கஸ் மேற்பரப்பைத்தான் அளக்கிறது, தரையை அல்ல. கட்டட மொட்டை மாடியும் மர உச்சியும் அதில் தரை. அதன் மேல் கட்டடம் நட்டால் கொப்புளத்தின் மேல் கோபுரம் நிற்கும். காடும் கட்டடமும் நீக்கிய ஃபேப்டெம் எடுங்கள். அதன் மேல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் கட்டட அடித்தடத்தை உயர்த்தி, 452 மீட்டர் கோபுரத்தையும் 678.9 மீட்டர் மெர்டேக்கா 118-ஐயும் சரியான உயரத்தில் வையுங்கள். கொடிமலைக்கும் ஃபேப்டெம் எடுக்கலாம்.

பாயான் லெப்பாஸ் வாசகர் | 8 ஜூன், காலை 6.50

மேலே ஃபேப்டெம் பற்றி ஒரு திருத்தம். அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்காது. பள்ளிக் கண்காட்சிக்குச் சரி, சுற்றுலா நிறுவனத்துக்குக் கூலிக்குச் செய்தால் கூடாது.

ஆயர் ஈத்தாம் | 8 ஜூன், இரவு 9.00

சரியான திருத்தம், நான் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும். கொடிமலைக்கு அதை எடுக்கலாம் என்றதையும் திரும்பப் பெறுகிறேன். மலையை வெளியிலிருந்து பார்ப்பவர் காண்பது மரத்தின் தலையைத்தான். காட்டை நீக்கினால் வடிவம் மொட்டையாகிறது. மலைக்குக் கோப்பர்னிக்கஸ், நகரத்துக்குத் தரைத் தரவு, அப்படியே வையுங்கள்.

பட்டர்வொர்த் வாசகர் | 9 ஜூன், இரவு 10.30

1:20,000-இல் வைத்தேன். நடுக்கம் போச்சு, வரப்பு போச்சு. ஆனால் 15 லட்சம் முக்கோணம், ஹெட்செட் திணறுகிறது. செயற்கைக்கோள் படம் 4096 ஜேபெக் 6 எம்பிதான், அதைப் போட்டதும் இன்னும் மோசம்.

ஆயர் ஈத்தாம் | 10 ஜூன், இரவு 9.15

உங்கள் சட்டகம் சுமார் 31 க்கு 22 கி.மீ. இருக்கும்: 1,030 பெருக்கல் 740 புள்ளி, 7.6 லட்சம். அதில் தீவு 293 சதுர கி.மீ. மட்டும். பாதிக்கு மேல் கடலை முக்கோணமாக்கி அனுப்புகிறீர்கள். கடலை வெட்டிவிட்டு இரண்டு முக்கோணத்தில் ஒரு தட்டை வையுங்கள். பட்டர்வொர்த் கரையும் போய்விடும், வேண்டுமானால் அதைத் தனித் துண்டாக வையுங்கள். தீவுக்கு மிஞ்சுவது 3.3 லட்சம் புள்ளி, 6.5 லட்சம் முக்கோணம், கோப்பு சுமார் 18 எம்பி. பிறகு முக்கோணம் குறைக்கும் டெசிமேட்டை 0.3-இல் வைத்தால் 2 லட்சம் முக்கோணம். மெஷ்ஷைக் குறைக்கும் முன் முழு மெஷ்ஷிலிருந்து நார்மல் மேப் (பரப்பின் திசையைச் சொல்லும் படம்) எடுத்துக் குறைத்ததன் மேல் ஒட்டினால் முகடுகளின் கூர்மை நிற்கும். விநாடிக்கு 72 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கான நேரம் 13.9 மில்லிவிநாடி, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து. இடம் விட்டு வையுங்கள்.

ஜேபெக் வட்டில்தான் 6 எம்பி. வரைகலைச் சிப்புக்குள் போனதும் விரிந்து 4096 பெருக்கல் 4096 பெருக்கல் 4 பைட், 64 எம்பி, மிப் அடுக்குகளோடு (தூரத்தில் காட்டும் சிறு பிரதிகள்) 85. கேடிஎக்ஸ்2 படக் கோப்பாக மாற்றினால் சிப்புக்குள்ளும் சுருங்கியே இருக்கும். ஏஎஸ்டிசி என்ற சுருக்க முறையின் 6 பெருக்கல் 6 கட்டத்தில் மிப்போடு 10 எம்பிக்குள் அடங்கும். சென்டினல்-2 செயற்கைக்கோளின் படம் 10 மீட்டர் தெளிவு, தீவின் அகலம் 15 கி.மீ.க்கு 1,500 பிக்ஸல்தான். 4096-க்கு இழுத்துப் பெரிதாக்கி என்ன கிடைக்கும்? 2048-க்கு இறக்குங்கள்.

துண்டு துண்டாகப் பிரிப்பவர்களுக்கு: ஒரு துண்டில் 255 க்கு 255 புள்ளிக்கு மேல் வேண்டாம். 256 க்கு 256 என்றால் 65,536 புள்ளி, கடைசிப் புள்ளியின் எண் 65,535; 16 பிட்டில் அந்த எண்ணை ஜிஎல்டிஎஃப் அனுமதிக்காது. மெஷ்ஷைச் சுருக்கும் டிராகோ முறை ஒவ்வொரு துண்டின் ஆயத்தையும் அதனதன் எல்லைப் பெட்டிக்குள் தோராயமாக்கும், அண்டைத் துண்டுகளின் ஓரம் மயிரிழை விலகி நடுவே வெளிச்சம் தெரியும். ஜிஎல்டிஎஃப்-டிரான்ஸ்ஃபார்ம் கருவியில் தோராயமாக்கும் எல்லையை 'சீன்' என்று கொடுத்தால் எல்லாத் துண்டும் ஒரே அளவுகோலில் தோராயமாகும். 

பட்டர்வொர்த் வாசகர் | 10 ஜூன், இரவு 10.05

கடலை எந்தக் கோட்டில் வெட்டுவது? பூஜ்யம் மீட்டரில் வெட்டினால் கர்னி பக்கம் புதிதாக மண் கொட்டிய இடமெல்லாம் கடலாகிறது. படத்தில் நிலம், மெஷ்ஷில் தண்ணீர்.

ஆயர் ஈத்தாம் | 11 ஜூன், இரவு 9.30

நல்ல கேள்வி, பலர் கவனிக்காத இடம். எஸ்ஆர்டிஎம் 2000-ஆம் ஆண்டின் தீவு. கோப்பர்னிக்கஸ் 2015 வரையிலான தீவு. தஞ்சோங் தொக்கோங் கடலோரத்தின் இரண்டாம் கட்ட மண் நிரப்பல் 2016-இல் தொடங்கியது. தெற்குத் தீவு வேலை 2023-இல். உயரத் தரவில் இவை எதுவும் இல்லை, நேற்று எடுத்த செயற்கைக்கோள் படத்தில் எல்லாம் இருக்கும்.

பூஜ்யக் கோட்டில் வெட்டாதீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கரைக்கோட்டால் வெட்டி, அதற்குள் உயரம் 1 மீட்டருக்குக் கீழே இருக்கும் புள்ளிகளை 1 மீட்டருக்கு உயர்த்துங்கள். நிரப்பிய நிலம் அதைவிட உயரமாகவே இருக்கும், ஆனால் அளவு கையில் இல்லாமல் அதற்கு மேல் ஏற்றுவது புனைவு. மாதிரியில் ஒரு மூலையில் உயரத் தரவின் ஆண்டையும் படத்தின் ஆண்டையும் எழுதி வையுங்கள். பழைய தீவைக் காட்ட வேண்டுமானால் பழைய படத்தையும் எடுங்கள், இரண்டு காலத்தைக் கலக்காதீர்கள்.

கடல் தட்டை பூஜ்யத்துக்கு 1 மீட்டர் கீழே வையுங்கள். நிஜ அளவில் திறந்தால் அதுவும் கரையில் மினுங்கும். கேமராவின் அருகு வரம்பு 0.1 மீட்டர் என்றால் 24 பிட் ஆழப் பதிவில் 10 கி.மீ. தள்ளிப் பிரித்தறியும் திறன் 60 மீட்டர்தான். மேசை அளவில் இந்தச் சிக்கலே இல்லை.

பட்டர்வொர்த் வாசகர் | 13 ஜூன், இரவு 9.00

எல்லாம் செய்தாயிற்று, 72-இல் நிற்கிறது. ஆனாலும் அண்ணே, 4 செ.மீ. மலை இன்னும் தாழ்வாகத்தான் தெரிகிறது. மாணவர்களுக்குக் காட்ட வேண்டியது.

ஆயர் ஈத்தாம் | 13 ஜூன், இரவு 10.20

மேசை எத்தனை உயரத்தில்? 75 செ.மீ. என்றால் நின்று பார்ப்பவரின் கண் அதற்கு 85 செ.மீ. மேலே. மேலிருந்து குனிந்து பார்த்தால் எந்த மலையும் தட்டைதான், விமானத்திலிருந்து பார்ப்பது போல. மாதிரியை 1.25 மீட்டருக்கு உயர்த்துங்கள், சிறுவர்களுக்கு 1 மீட்டர். பட்டர்வொர்த் படகுத் துறையிலிருந்து பார்க்கும் அதே வரிசையில் முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். ஒளியைத் தலைக்கு மேலிருந்து இறக்கி 20 முதல் 25 டிகிரியில் பக்கவாட்டில் வையுங்கள், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் நிழல் விழும். செயற்கைக்கோள் படத்திலேயே நிழல் இருந்தால் ஒளியை அதே திசையில் வையுங்கள். எதிர்த்திசையில் வைத்தால் பள்ளம் மேடாகத் தெரியும்.

ஆயர் ஈத்தாம் | 14 ஜூன், காலை 6.40

நேற்றிரவு எழுதியதை மறுபடி யோசித்தேன். பெருக்கம் கண்டிப்பாக 1 என்று முதல் நாள் அழுத்திச் சொன்னது கொடிமலைக்குப் பொருந்தும். பாயான் லெப்பாஸ், பாலிக் புலாவ் சமவெளிகளின் வடிகால் அமைப்பைக் காட்டுவதே பாடமென்றால் 1:20,000-இல் 10 மீட்டர் வித்தியாசம் அரை மில்லிமீட்டர். அதை எந்த ஒளியும் காட்டாது. அங்கே பெருக்கத்தான் வேண்டும், அந்தத் துண்டை மட்டும் தனி மாதிரியாக எடுத்து, 10 மடங்கு என்று முகப்பிலேயே எழுதி. முழுத் தீவுக்கு வேண்டுமானால் 1.5 வரை போகலாம். 30 டிகிரி 41 ஆகும், அதற்கு மேல் நான் சம்மதிக்க மாட்டேன். எதுவானாலும் மெஷ்ஷுக்குள் சுட்டுவிடாதீர்கள், முனையின் செங்குத்து அளவில் வையுங்கள். ஒரு பொத்தானில் 1-க்குத் திரும்ப முடியும்.

பட்டர்வொர்த் வாசகர் | 15 ஜூன், இரவு 9.45

மாதிரியை 1.25-க்கு ஏற்றி, ஒளியை 22 டிகிரிக்கு இறக்கி, பெருக்கம் 1-இல் பார்த்தேன். 3 மடங்கு என்றதை விட்டுவிட்டேன். ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுப் பள்ளத்தாக்கு தனியாகத் தெரிகிறது. கடைசியாக ஒன்று: மலை ரயில் பாதைக் கோட்டைத் தரையில் படிய வைத்தேன், சுரங்கம் இருக்குமிடத்தில் பாதை மேலேறி இறங்குகிறது.

ஆயர் ஈத்தாம் | 15 ஜூன், இரவு 10.10

79 மீட்டர் சுரங்கம், உங்கள் மெஷ்ஷில் மூன்று புள்ளி கூட இல்லை. அந்த இடத்தில் தரையில் படிய வைப்பதை நிறுத்தி, இரு வாயிலின் உயரத்தையும் எடுத்து நடுவே நேர்கோடு இழுங்கள். கோடு மலைக்குள் மறையும், மறையட்டும்.